எங்க வச்சு?

பஸ்ஸில் பர்ஸைப் பறிகொடுத்த அன்றுதான் அவரைத் தெரிந்துகொண்டேன். கரோல்பாக் மெஸ்ஸில் எனக்கு எதிரே உட்கார்ந்து சாம்பார் சாதம் பிசைந்துகொண்டிருந்தார். கறுப்புக் கோட்டைக் கழற்றி மடியில் போட்டிருந்தார். பர்ஸ் போய்விட்டது, நாளைக்குத் தருகிறேன் என்று நான் மெஸ்காரரிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது.

“எங்க வச்சு?” என்றார்.

“பஸ்ஸுல.”

“பஸ் எங்க வச்சு?”

“ஓடிக்கிட்டிருந்துது சார்.”

“அதான் கேக்கேன். ஓடும்போது எங்ஙன? பஹாட்கஞ்சுக்கு முந்தியா, பிந்தியா?”

தெரியாது என்றேன். அவர் முகம் தெளிந்தது.

“தெரியலன்னா நல்லதாப் போச்சுவே. பஸ் எந்தெந்த ஸ்டேஷன் எல்லைக்குள்ள போச்சோ, அதுல எங்க வேணாலும் எழுதிக் குடுக்கலாம். சட்டத்துல அதுக்கு வழி இருக்கு. தெரியும்னு சொல்லியிருந்தீர்னா அந்த ஒரு ஸ்டேஷனுக்குத்தான் போயிருக்கணும்.”

பர்ஸில் என்ன இருந்தது என்று அவர் அன்று கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை.

தீஸ் ஹசாரி கோர்ட்டில் அவர் வக்கீல். நான் ஒரு பத்திரிகைக்காக அதே கோர்ட்டில் செய்தி சேகரித்துக்கொண்டிருந்தேன். அவசரநிலை முடிந்து ஆட்சி மாறியிருந்த காலம். தகரக் கொட்டகையின் கீழ் வரிசையாகப் போட்ட மேசைகளில் ஒன்று அவருடையது. மேசையின் காலைச் சங்கிலியால் தூணோடு கட்டியிருப்பார்கள். தமிழர்கள் அவரை அண்ணாச்சி என்றார்கள். ஹிந்திக்காரர்களுக்கு அவர் ‘கஹாங் வக்கீல்’. யார் வந்து எந்தக் குறையைச் சொல்லத் தொடங்கினாலும் கையை உயர்த்தி நிறுத்தி, “கஹாங்?” என்று கேட்பதால் வந்த பெயர். எங்கே என்பது பத்திரிகைக்காரனுக்கும் வேண்டிய கேள்விதான். ஆனால் யார், என்ன, எப்போது எல்லாம் முடிந்த பிறகே எங்களுக்கு அது வரும். அவருக்கு அது மட்டும் போதும்.

தாமிரபரணிக் கரையில் பிறந்து, சட்டம் படித்த கையோடு தில்லிக்கு வந்தவர். அத்தனை வருஷத்துக்குப் பிறகும் பேச்சு மாறவில்லை. ஹிந்தியைக்கூடத் திருநெல்வேலி இழுப்போடுதான் பேசுவார். மாறியது உடம்பு. குளிர் தாங்காமல் மார்ச் மாதம்வரை கோட்டுக்குள் இரண்டு ஸ்வெட்டர் போடுவார்.

வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதில் அவருக்கு அக்கறை கிடையாது. “அதை ஜட்ஜு பாத்துக்கிடுவாரு. எந்த ஜட்ஜுங்கிறதுதான் நம்ம வேலை” என்பார். நிலத் தகராறென்றால் நிலம் கிடக்கிற ஊர்க் கோர்ட். மற்ற வழக்குகளுக்குப் பிரதிவாதி இருக்கிற ஊர், அல்லது சம்பவம் நடந்த ஊர். கணவன் மனைவி வழக்கு என்றால் கல்யாணம் நடந்த இடம், எதிராளி வசிக்கும் இடம், இல்லாவிட்டால் இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம். இந்த மூன்றில் ஒன்றில்தான் மனுப் போட முடியும். மனைவி இப்போது எங்கே இருக்கிறாள் என்பதற்கு அந்த நாளில் சட்டத்தில் இடம் இல்லை. அவருடைய பிழைப்பு அதில்தான் இருந்தது.

என் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மணமகள் பெயரைக்கூடப் பார்க்கவில்லை. மண்டபத்தின் முகவரியைப் படித்தார்.

“ஜில்லா போடலியே.”

“தெரிஞ்ச ஊர்தானே அண்ணாச்சி.”

“இன்னைக்குத் தெரியும். ஜில்லாவைப் பிரிச்சான்னா? ஒரு காப்பியப் பத்திரமா வச்சுக்கிடும். பின்னால உபயோகப்படும்.”

பின்னால் எதற்கு உபயோகப்படும் என்பது எனக்கு வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. அவர் கேலியாகச் சொன்னதாகத் தெரியவில்லை. கல்யாணத்துக்கு ஒரு நல்ல சுவர்க் கடிகாரமும் வாங்கித் தந்தார்.

அவரிடம் வந்தவர்களில் பாதிப்பேர் தில்லியில் சர்க்கார் வேலை பார்க்கும் தமிழ்க் கணவர்கள். மனைவி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போயிருப்பாள். அங்கே சேலத்திலோ திருச்சியிலோ ஒரு வக்கீலைப் பிடித்து விவாகரத்துக்கு மனுப் போடுவாள். சம்மன் தில்லிக்கு வரும். கணவர் அதை எடுத்துக்கொண்டு ஓடி வருவார். அண்ணாச்சி அதற்கு ஒரு பதில் எழுதி அந்த ஊர் வக்கீலுக்கு அனுப்பிவைப்பார். அந்தப் பதிலின் முதல் பாரா எப்போதும் ஒன்றேதான்: இந்த வழக்கை விசாரிக்க இந்த நீதிமன்றத்துக்கு எல்லை அதிகாரம் இல்லை.

“இத மொத வாய்ப்புலயே சொல்லிரணும்வே. விட்டா விட்டதுதான். பொறவு எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும், அன்னைக்கே ஏன் சொல்லலன்னு கேப்பான். சொல்லலைன்னா ஒத்துக்கிட்டதா அர்த்தம்.”

பக்கத்தில் டைப் அடிக்கும் சர்தார்ஜிக்கு அந்தப் பாரா மனப்பாடம். அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வதற்குள் காகிதத்தைச் சொருகி, வாயில் ஏலக்காயை ஒதுக்கிக்கொண்டு, முதல் பாராவை அடித்து முடித்திருப்பார். அண்ணாச்சி சொல்லத் தொடங்குவதே இரண்டாவது பாராவிலிருந்துதான்.

ஜனக்புரியிலிருந்து ஒருவர் வந்தார். அமைச்சகத்தில் குமாஸ்தா. அவர் மனைவி சேலத்தில் மனுப் போட்டிருந்தாள். கல்யாணம் தில்லியில், குடித்தனமும் தில்லியில். ஆனால் தலைதீபாவளிக்குக் கணவர் சேலம் போய் மாமனார் வீட்டில் தங்கியிருக்கிறார். கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்தது அங்கேதான் என்பது அவள் வாதம்.

“தலைதீபாவளிக்குப் போனவன் விருந்தாளி. விருந்துக்குப் போனதெல்லாம் குடித்தனமாயிருமா?” என்று மேசையைத் தட்டினார் அண்ணாச்சி. சேலத்து நீதிபதியும் அப்படித்தான் நினைத்தார். மனு திரும்பியது. உரிய கோர்ட்டில் தாக்கல் செய்துகொள் என்று உத்தரவு. உரிய கோர்ட் தில்லி.

அந்தப் பெண் வந்தாள். ஜனவரி மாதம். கோர்ட் தாழ்வாரத்தில் ஒரு வயதானவர் என்னிடம் வந்து, “ஐயா, தமிழா?” என்றார். பின்னால் நூல் புடவையில், அப்பாவின் துண்டைத் தோளில் போர்த்திக்கொண்டு அவள் நின்றிருந்தாள். எந்த அறை என்று கேட்டார்கள். கூட்டிக்கொண்டுபோய் விட்டேன். அன்று நீதிபதி லீவு. வேறு தேதி கொடுத்தார்கள். “மறுபடியும் ரெண்டு ராத்திரி ரயிலா?” என்று மட்டும் அவள் கேட்டாள்.

அடுத்த தேதிக்கு அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த தேதிக்கும் வரவில்லை. வழக்கு தள்ளுபடியானது.

அண்ணாச்சியிடம் சொன்னேன்.

“தப்பான கோர்ட்டுல ஜெயிச்சிருந்தா மேல போய்த் தோத்திருப்பாவே. பாத்தா, நான் அவளுக்கு உபகாரந்தான் பண்ணியிருக்கேன்.”

“அவங்க வரவே இல்லையே அண்ணாச்சி.”

“அது வேற விஷயம்” என்றார். பிறகு, “திருப்பி அனுப்பினா பாதிப்பேர் மறுபடி போட மாட்டாவ. அதுவும் நிசந்தான்” என்றார். அதில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோல இருந்தது.

அவர் மனைவியை நான் ஒரே ஒருமுறைதான் பார்த்தேன். ராஜேந்திர நகரில் மூன்றாவது மாடியில், மொட்டைமாடியை ஒட்டிய ஒற்றை அறை அவர்களுடையது. அந்த அம்மாள் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். அப்பா மத்திய சர்க்கார் உத்தியோகம். கல்யாணமும் கரோல்பாகில்தான் நடந்தது. தமிழில் பேச ஆரம்பித்துப் பாதியில் ஹிந்திக்குப் போய்விடுவார். ஒரு பள்ளிக்கூடத்தில் ஹிந்தி டீச்சர். குழந்தை இல்லை.

காபி கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: “சார், இவர்கிட்ட உங்களுக்குத் தலைவலின்னு சொல்லுங்க. மத்லப், சும்மா சொல்லிப் பாருங்க.”

சொன்னேன்.

“எந்தப் பக்கம்?” என்றார் அண்ணாச்சி.

அந்த அம்மாள் சிரித்தார். “பாத்தீங்களா? ரொம்ப வலிக்குதான்னு வராது. இவர்கிட்ட நான் எதுவும் சொல்றதே இல்ல சார். சொன்னா எல்லை கேப்பார்.”

அண்ணாச்சியும் சிரித்தார். அது தன்னைப் பற்றிய புகழ்ச்சி என்று நினைத்துக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றியது.

அதற்கடுத்த வருஷம், பாளையங்கோட்டையில் அண்ணாச்சியின் தாயார் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மனைவி போனார். சில மாதம் என்று போனவர் அங்கேயே இருந்தார். தாயார் இறந்தபோது அண்ணாச்சி போய், பதினாறாம் நாள் காரியம்வரை இருந்துவிட்டுத் தனியாகத் திரும்பினார். மேசையில் உட்கார்ந்ததும் என்னிடம் சொன்னார்:

“அங்ஙன ஸ்கூல்ல அவளுக்கு வேலை கிடைச்சிருக்கு. ஹிந்தி சொல்லிக் குடுக்கா. பாளையங்கோட்டையில ஹிந்தி, கேட்டீரா!”

“எப்ப வர்றாங்க?”

“கேக்கல.”

மூன்று நான்கு வருஷம் இப்படியே போனது. தில்லியில் பிறந்தவர் பாளையங்கோட்டையிலும், பாளையங்கோட்டையில் பிறந்தவர் தில்லியிலும் இருந்தார்கள். அவர் மெஸ்ஸில் சாப்பிட்டார். சட்டைப் பொத்தான் போனால் கோட்டை மூடிக்கொண்டார். அந்த அம்மாளைப் பற்றி யாராவது கேட்டால், “ஊர்ல இருக்கா” என்பார்.

ஒரு குளிர்கால மதியம் நான் போனபோது மேசையில் ஒரு பதிவுத் தபால் பிரிந்து கிடந்தது. திருநெல்வேலி கோர்ட்டின் சம்மன். என் பக்கம் தள்ளினார்.

“வாசியும்.”

விவாகரத்து மனு. மனுதாரர் அவர் மனைவி. எதிர்மனுதாரர் அவர். காரணம் கொடுமை. அடி, உதை, குடி எதுவும் இல்லை. ஐந்தாவது பாராவில் ஒரு சம்பவம் இருந்தது. ஒரு மாலை, கூட்டமான பஸ்ஸில் ஓர் ஆள் அந்த அம்மாளிடம் தகாத முறையில் நடந்துகொண்டிருக்கிறான். அவர் கூச்சலிட்டு இறங்கிவிட்டார். வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே கணவரிடம் சொன்னபோது கணவர் முதலில் கேட்டது, அது எந்த இடத்தில் நடந்தது என்று. பிறகு கேட்டது, பஸ் அப்போது எந்தப் போலீஸ் ஸ்டேஷன் எல்லையில் இருந்தது என்று. வேறு எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவரோடு பேசுவதற்குத் தமக்கு ஒன்றும் இருக்கவில்லை என்று அந்தப் பாரா முடிந்தது.

எனக்கு என் பர்ஸ் ஞாபகம் வந்தது.

“அதை விடும். மூணாவது பாராவப் பாரும்” என்றார்.

மூன்றாவது பாராவில், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்தது பாளையங்கோட்டையில், கணவரின் தாயார் வீட்டில், பதினாறாம் நாள் காரியம்வரை என்று இருந்தது.

“கருமாதிக்குப் போனது குடித்தனமாவே?” என்றார். “தலைதீபாவளிக்கே நிக்கல. கல்யாணம் இங்க, குடியிருந்தது இங்க, நான் இருக்கிறது இங்க. அங்க போடவே முடியாது. எந்தப் பயலோ எழுதிக் குடுத்திருக்கான்.”

“என்ன பண்ணப் போறீங்க?”

“என்ன பண்ண? ஒரு பாரா. மனு திரும்பிரும். அவ இங்க வந்து போடணும்.”

“வருவாங்களா?”

“எப்படி வருவா? ஒவ்வொரு தேதிக்கும் போக வர ஒரு வாரம். ஸ்கூல்ல லீவு தர மாட்டான். வேலை போயிரும்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வர மாட்டா.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? நான் அவ புருசன். அவ என் பொண்டாட்டி. இப்ப இருக்கிற மாதிரியே.”

அவர் அதை விரும்பினார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. விடுதலை கேட்கிற மனைவியைக் கைநழுவ விடாமல் வைத்துக்கொள்ள அவரிடம் இருந்த ஒரே கருவி அந்தப் பாரா. அது இதுவரை யாருக்கும் தவறியதில்லை.

அவருடைய குமாஸ்தாவான முன்ஷி இரண்டு முறை நினைவூட்டினார். பதில் அனுப்ப வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி மற்றவர்களின் வேலையைப் பார்த்தார். கொட்டகையில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. பக்கத்து மேசை பஞ்சாபி வக்கீல், “அரே பாயீ, உனக்கு எதுக்கு வக்கீல்? சர்தார்ஜியே போதும், கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடுவார்” என்று ஹிந்தியில் சொல்லிச் சிரித்தார். அண்ணாச்சியும் சேர்ந்து சிரித்ததாக ஞாபகம்.

தபாலில் சேர்க்க வேண்டிய கடைசி நாளன்று நான் அங்கே இருந்தேன். வெயில் தகரத்தின் இடுக்கு வழியாக டைப்ரைட்டர்மேல் விழுந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்வதற்குள் மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது. அவர் மனுவைப் பிரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். மெஷின் நின்றது.

“பஹ்லா பாரா ஹோ கயா, சாப்” என்றார் சர்தார்ஜி. முதல் பாரா ஆகிவிட்டது.

அண்ணாச்சி எட்டி அதைப் படித்தார். எத்தனையோ பேருக்காக எழுதியதுதான், புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் மெதுவாக, கடைசிச் சொல்வரை படித்தார்.

“நிகாலோ” என்றார். எடுத்துவிடு.

சர்தார்ஜி எழுத்துப் பிழை என்று நினைத்து ரப்பரை எடுத்தார். அண்ணாச்சி தலையசைத்தார். தானே கை நீட்டி உருளையைத் திருப்பிக் காகிதத்தை வெளியே இழுத்தார். “வேற காகிதம் போடு.”

சர்தார்ஜி ஏலக்காய் மெல்வதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். “கியோங் சாப்? கோர்ட் டீக் ஹை?” அந்தக் கோர்ட் சரியான கோர்ட்தானா?

அண்ணாச்சி வெளியே இழுத்த காகிதத்தை இரண்டாக மடித்தார்.

“டீக் ஹை” என்றார்.

பிறகு ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். வழக்கமான குரல்தான். மனுவின் முதல் இரண்டு பாராக்களுக்கு மறுப்பு இல்லை. மூன்றாவது பாராவில் கண்டுள்ளபடி, இருவரும் கடைசியாகக் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்தது பாளையங்கோட்டையில் என்பது ஒப்புக்கொள்ளப்படுகிறது. நான்காவது பாராவுக்கும் மறுப்பு இல்லை. ஐந்தாவது பாரா வந்தபோது நிறுத்தினார். நான் எழுந்து போய்விடலாமா என்று யோசித்தேன்.

“ஐந்தாவது பாராவில் கண்டுள்ள சம்பவம் உண்மை” என்றார். “ஆனால் சம்பவ இடம் தவறாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. மனுதாரர் அதை எதிர்மனுதாரரிடம் சொன்னது வீட்டில் அல்ல. பூசா ரோடு பஸ் ஸ்டாப்பில்.”

சர்தார்ஜி அடித்துவிட்டு, மேலே சொல்லுங்கள் என்பதுபோலப் பார்த்தார்.

“அண்ணாச்சி, ஒத்துக்கிட்டாச்சே. எங்கன்னு இப்ப எதுக்கு?” என்றேன்.

“நடந்தது வீட்டுல இல்லல்லாவே” என்றார், என்னைப் பார்க்காமல். “நான் கோர்ட்டுலேருந்து வந்து இறங்குதேன். அவ நிக்கா. வீட்டுக்குப் போகல, எனக்காக அங்ஙனயே நின்னிருக்கா. கையில ஒத்தச் செருப்பு. இன்னொண்ணு பஸ்ஸோட போயிட்டு.” மனுவின் ஓரத்தைக் கட்டை விரலால் நீவினார். “ஒத்தச் செருப்ப வச்சுக்கிட்டு என்ன பண்ணன்னு கேட்டா. நான் அதுக்குப் பதில் சொல்லல.”

அதையும் எழுத வேண்டுமா என்று சர்தார்ஜி கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. குரலை வைத்து ஏதோ விட்டுப்போகிறது என்று எண்ணியிருக்க வேண்டும்.

“நஹீங்” என்றார் அண்ணாச்சி. கையெழுத்துப் போட்டார். முன்ஷி தபாலுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

அவர் திருநெல்வேலிக்குப் போகவில்லை. எதிர்ப்பு இல்லாத வழக்கு சீக்கிரம் முடிந்தது. பள்ளிக்கூடங்கள் கோடை விடுமுறைக்கு மூடியிருந்த நாளில் தீர்ப்பின் நகல் வந்தது. மெஸ்ஸில் சாப்பாட்டுக்குக் காத்திருந்தபோது கோட்டுப் பையிலிருந்து எடுத்து என்னிடம் காட்டினார். விவாகரத்து கொடுத்தாகிவிட்டது. எல்லை அதிகாரம் பற்றி ஆட்சேபம் ஏதும் எழுப்பப்படவில்லை என்று ஒரு வரி இருந்தது. இரண்டு பக்கம் தள்ளி, மனுதாரர் வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே தெரிவித்தபோது என்று நீதிபதி எழுதியிருந்தார். மனுவிலிருந்து அப்படியே எடுத்திருந்தார். அண்ணாச்சியின் பதிலை அவர் அவ்வளவு தூரம் படிக்கவில்லை போலும். அந்த வரிக்கு அடியில் பென்சில் கோடு இருந்தது.

“வீட்டுலன்னு போட்டுட்டான்” என்றார். “அப்பீலுக்கு இடம் இருக்கு.”

அவரைச் சீண்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கக்கூடாது. தோன்றிவிட்டது.

“அப்பீல் எங்க வச்சு அண்ணாச்சி?” என்றேன்.

அண்ணாச்சி தீர்ப்பை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். இலை போட்ட பையனிடம், மோர் இருக்கிறதா என்று கேட்டார்.